சுரங்கச் சேற்றுக் குட்டையின் கரைக்குக் கீழே நிலம் வைத்திருக்கிறீர்களா? தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆப்பிரிக்காவில் உள்ள சாம்பியா நாட்டின் வடபகுதி செப்புச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. 2025 பிப்ரவரி 18 அன்று அங்கே சாம்பிஷி என்ற ஊருக்கு அருகில், சைனோ மெட்டல்ஸ் லீச் சாம்பியா என்ற செப்பு நிறுவனத்தின் கழிவுச் சேற்றுக் குட்டையின் கரை உடைந்தது. அமிலமும் கன உலோகங்களும் கலந்த கழிவு சுமார் 5 கோடி லிட்டர் வெளியேறியதாக முதலில் கணக்குச் சொன்னார்கள். அது ஓடை வழியாகப் போய், அந்த நாட்டின் உயிர்நாடியான காஃபூவே ஆற்றில் கலந்தது. 100 கிலோமீட்டர் கீழே வரை மீன்கள் செத்து மிதந்தன. சுமார் 7 லட்சம் பேர் வாழும் கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. ஆற்றங்கரையில் இருந்த மக்காச்சோளமும் நிலக்கடலையும் கருகின.

அமிலத்தை முறிக்க அரசு விமானப்படையை இறக்கி, ஆற்றில் டன் கணக்கில் சுண்ணாம்பு கொட்டியது. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது நமக்குத் தெரிந்த வேலைதான். சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். ஆனால் உலோகத்தை அழிக்காது. நீரில் கரைந்திருந்த செம்பும் மற்ற உலோகங்களும் படிவாக மாறி ஆற்றின் அடியில் தங்கிவிடும். அடுத்த வெள்ளம் அந்தப் படிவைக் கிளறினால், ஆற்று நீர் பாயும் வயலுக்கு அதுவும் வந்து சேரும்.

விவகாரம் அத்தோடு முடியவில்லை. ஆய்வுக்கு அமர்த்தப்பட்ட ஒரு நிறுவனம், வெளியேறிய கழிவு முதலில் சொன்னதைவிடப் பல மடங்கு அதிகம் என்றது. சுரங்க நிறுவனம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆகஸ்டில் அமெரிக்கத் தூதரகம் தன் ஊழியர்களை அந்தப் பகுதியை விட்டு வெளியேறச் சொன்னது. அங்கேயே வீடும் நிலமும் உள்ள விவசாயிகளால் அப்படிக் கிளம்ப முடியுமா? அவர்கள் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போயிருக்கிறார்கள்.

இந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குட்டையில் என்ன இருந்தது, கரை எந்த நிலையில் இருந்தது என்ற கணக்கெல்லாம் மேலே இருந்தவர்களிடம்தான் இருந்தது. கீழே உழுதவர்களிடம் எதுவும் இல்லை. உடைந்த பிறகு எவ்வளவு வந்தது என்பதற்கே இரண்டு கணக்கு. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அருகே நிலம் வைத்திருக்கும் எந்த ஊர் விவசாயிக்கும் இது பொருந்தும்.

ஏரிக்கரை வேறு, சேற்றுக்கரை வேறு

கரை என்றதும் நமக்கு ஏரிக்கரை நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் நிரம்பும், கோடையில் வற்றும். வற்றும்போது கரையைப் பார்க்கலாம், பொந்து அடைக்கலாம், மண் போட்டு உயர்த்தலாம். மிச்ச நீர் போகக் கலங்கல் இருக்கும், பாசனத்துக்கு மதகு இருக்கும். கரையின் ஒவ்வொரு பலவீனமும் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

சுரங்கக் குட்டையின் கதை வேறு. உலோகத்தைப் பிரித்தெடுக்கப் பாறையை மாவு போல அரைக்கிறார்கள். தேவையான உலோகத்தை எடுத்த பிறகு மிஞ்சும் மாவை நீரோடு சேர்த்துக் கூழாகக் குழாயில் அனுப்பி, ஒரு கரைக்குப் பின்னால் தேக்குகிறார்கள். மாவு அடியில் படியும், தெளிந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சுரங்கம் ஓடும் வரை கூழ் வந்துகொண்டே இருக்கும். எனவே கரையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். 10 மீட்டரில் தொடங்கிய கரை, 30 ஆண்டில் ஒரு சிறு குன்றின் உயரத்துக்கு வந்துவிடும். சுரங்கம் மூடிய பிறகும் அது அங்கேயே நிற்கும்.

உயர்த்துவதில் மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, கரையை வெளிப்பக்கமாக அகலப்படுத்தி, உறுதியான தரையில் ஊன்றி உயர்த்துவது. இதற்கு நிறைய மண்ணும் பணமும் இடமும் வேண்டும். இரண்டாவது, இருக்கும் கரைக்கு நேர்மேலே உயர்த்துவது. மூன்றாவது, உள்பக்கமாக உயர்த்துவது. அதாவது, ஏற்கெனவே படிந்த சேற்றின் மேலேயே அடுத்த கரையைக் கட்டுவது. செலவு குறைவு. ஆனால் மேல்கரைகள் எல்லாம் சேற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆபத்து அதிகம் உள்ளது இந்த முறையில்தான்.

ஏன் ஆபத்து? கடற்கரையில் அலை வந்து போன ஈரமணலில் ஒரே இடத்தில் நின்று காலால் மிதித்துப் பாருங்கள். முதலில் கெட்டியாகத் தெரியும். மிதிக்க மிதிக்க நீர் மேலே வரும், மணல் கூழாகும், கால் உள்ளே இறங்கும். மணல் துகள்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருந்த வரை அது தரை. துகள்களுக்கு இடையே உள்ள நீர் பாரத்தை வாங்கிக்கொண்ட நொடியிலிருந்து அது திரவம். நீர் தேங்கிய சேற்றுக்கரையின் உள்ளேயும் இதே மாற்றம் நடக்கலாம். ஏரிக்கரை பெரும்பாலும் ஓரிடத்தில் அரித்து, மெல்ல அகன்று உடையும். மணல் மூட்டை போட நேரம் கிடைக்கும். சேற்றுக்கரை கூழானால் முழுதாகச் சரியும். மூட்டை தூக்கக் குனிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆக, சேற்றுக்கரையின் பலத்தை அதன் உயரத்தையோ அகலத்தையோ பார்த்துச் சொல்லிவிட முடியாது. உள்ளே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சான்றிதழ் இருந்தது, கருவியும் இருந்தது

இதற்கு மிகப் பெரிய பாடம் பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் உள்ள புருமாடின்யோ. அங்கே வாலே என்ற நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் 1976இல் ஒரு சேற்றுக்கரை கட்டத் தொடங்கினார்கள். படிப்படியாக, உள்பக்கமாகவே உயர்த்தி 86 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் அதில் சேறு கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள். 2018 செப்டம்பரில் வெளியிலிருந்து வந்த ஒரு பரிசோதனை நிறுவனம் கரை உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்தது.

2019 ஜனவரி 25, மதியம் 12:28. சுரங்கத் தொழிலாளர்கள் சாப்பிடும் நேரம். அந்தக் கரை முழுதாகச் சரிந்தது. சில நிமிடங்களில் உள்ளே இருந்த சேற்றில் முக்கால்வாசி வெளியே பாய்ந்தது. கரைக்கு நேர் கீழே இருந்த உணவுக்கூடமும் அலுவலகமும் அதற்கும் கீழே இருந்த வீடுகளும் தோட்டங்களும் புதைந்தன. 270 பேர் இறந்தார்கள். அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. சேறு பரவோபேபா ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று நீரை நேரடியாக எடுத்துப் பயன்படுத்த வேண்டாம் என்று மாநில அரசு அறிவித்தது. காய்கறியும் கால்நடையும் நம்பி வாழ்ந்த ஆற்றங்கரைக் குடும்பங்கள், கண்ணெதிரே ஆறு ஓடியும் லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தார்கள்.

பின்னர் வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. கரைக்குள் நீர் வடியப் போதிய வடிகால் இல்லை. சேறு கொட்டுவதை நிறுத்தி இரண்டரை ஆண்டு ஆகியும் உள்நீர் மட்டம் மெதுவாகவே இறங்கியது. கரையைக் கட்டிய விதமும் செங்குத்தான சரிவும் சேர்ந்துகொண்டன. தொடர்ந்த பாரத்தால் உள்ளே ஏற்பட்ட மெல்லிய நகர்வும், 2018 கடைசியில் பெய்த கனமழையும் சேர்ந்து சேற்றைக் கூழாக்கின என்றது குழு.

அதே அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. அந்தக் கரையில் நீர்மட்டம் அளக்கும் குழாய்கள் இருந்தன. கரை அசைகிறதா என்று பார்க்க அளவுக்குறிகளும் ரேடாரும் இருந்தன. உடைவதற்கு முன் பெரிய அசைவு எதையும் அவை காட்டவில்லை. அதாவது, சில கரைகள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு உடைவதில்லை. கண்காணிப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கண்காணிப்பு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதுதான் பொருள். உள்ளே இருக்கும் நீரை வடிக்க வேண்டும். கரைக்கு நேர் கீழே ஆட்கள் வாழவோ வேலை செய்யவோ கூடாது. இவை இரண்டையும் செய்த பிறகுதான் கருவிகள் பயன்படும்.

கரையில் எதை அளக்க வேண்டும்?

சுரங்க நிறுவனமோ அதிகாரியோ “எல்லாம் கண்காணிப்பில் இருக்கிறது” என்று சொன்னால், எதை அளக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அளக்க வேண்டியவை ஐந்து.

1. கரைக்குள் நீர்மட்டம். கரையில் குழாய் இறக்கி உள்நீரின் மட்டத்தையும் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். பீசோமீட்டர் என்பது இதன் பெயர். ஆழ்குழாய்க் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் பார்ப்பது போலத்தான். மட்டம் இறங்குகிறதா, ஏறுகிறதா, மழைக்குப் பின் எவ்வளவு நாளில் பழைய நிலைக்கு வருகிறது என்பதே கேள்வி.

2. கசிவு நீர். எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும். தெளிந்த கசிவு, ஒரே அளவில் வந்தால் பயமில்லை. கசிவு திடீரென்று கூடினாலும், கலங்கலாக வந்தாலும், கரையின் உள்மண்ணை நீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். பெரிய கசிவு திடீரென்று நின்றுபோனாலும் சந்தேகப்பட வேண்டும். வடிகால் அடைபட்டு நீர் உள்ளேயே தேங்கத் தொடங்கியிருக்கலாம்.

3. கரையின் அசைவு. கரை மேல் நட்ட குறிக்கற்களை அளந்தும், ரேடார் கொண்டும், செயற்கைக்கோள் படம் கொண்டும் சில மில்லிமீட்டர் நகர்வைக்கூடக் கண்டுபிடிக்க முடியும்.

4. விளிம்பு இடைவெளி. குட்டையின் நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே போதிய உயரம் இருக்க வேண்டும். தேங்கிய நீர் கரையை ஒட்டி நிற்கக் கூடாது. கரைக்கும் நீருக்கும் இடையே உலர்ந்த சேற்றுப் பரப்பு அகலமாக இருப்பது நல்லது.

5. மழை. குட்டைக்கு மேலே பெய்யும் மழைநீர் எங்கே போகிறது? சுற்றி வெட்டிய வாய்க்கால் தூர்ந்துபோனால் மொத்த மழையும் குட்டைக்குள் இறங்கும்.

இந்த ஐந்தையும் யார் அளக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அளவு எந்த எல்லையைத் தாண்டினால் யாருக்குச் சொல்வார்கள், கீழே உள்ள ஊருக்கு எத்தனை நிமிடத்தில் செய்தி வரும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் மற்ற நான்கும் ஊருக்கு உதவாது.

பிரேசில் பிறகு என்ன செய்தது?

புருமாடின்யோ நடந்து இரண்டு வாரத்தில், 2019 பிப்ரவரி 8 அன்று, அதே மாநிலத்தின் பாராவ் டி கொக்காய்ஸ் பகுதியில் வேறொரு சேற்றுக்கரையின் கீழே அதிகாலையில் சங்கு ஒலித்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கரை உடையவில்லை. ஆனாலும் அவர்களால் ஆண்டுக்கணக்கில் வீடு திரும்ப முடியவில்லை. கரை நின்றாலும் விவசாயி நிலத்தை இழக்கிறார் என்பதை இந்தச் சம்பவம் காட்டியது. இழப்பீடு பற்றிப் பேசும்போது, உடைந்த கரையின் சேதத்தோடு இந்த இழப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உள்பக்கமாக உயர்த்தும் கரைகளை மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம் 2019இலும், பிரேசில் நாடு முழுவதும் 2020இலும் சட்டம் போட்டுத் தடை செய்தன. இருப்பவற்றைப் படிப்படியாக நீர் வடித்துக் கலைக்க வேண்டும் என்றது சட்டம். கரை உடைந்தால் அதிகாரிகள் வந்து காப்பாற்ற நேரமே இல்லாத பகுதியில் ஊர் இருந்தால், அங்கே புதிய சுரங்கக் கரை கட்டவும் அனுமதி இல்லை. 2020 ஆகஸ்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் சுரங்க நிறுவனங்களின் கூட்டமைப்பும் முதலீட்டாளர் அமைப்பும் சேர்ந்து உலகப் பொதுத் தரவிதி ஒன்றை வெளியிட்டன. கரையைப் பற்றிய தகவலைப் பொதுவில் வைக்க வேண்டும், கீழே வாழும் மக்களைச் சேர்த்துக்கொண்டே அவசரகாலத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்பவை அதில் உண்டு. நல்ல விதிதான். ஆனால் அது வந்து நான்கரை ஆண்டு கழித்துத்தான் சாம்பியாவில் கரை உடைந்தது. எழுதி வைத்த விதியைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

சேறு படிந்த நிலத்துக்கு என்ன ஆகும்?

ஆற்றில் கலந்தது ஓடிப் போய்விடும் என்று ஆறுதல் சொல்வார்கள். நிலத்தில் படிந்தது ஓடிப் போகாது. இதை ஸ்பெயின் நாட்டில் பார்த்தோம். 1998 ஏப்ரல் 25 அன்று தென்ஸ்பெயினில் அஸ்னல்கோயார் சுரங்கத்தின் குட்டைக் கரை, அடித்தளக் களிமண் வழுக்கியதால் உடைந்தது. குவாதியாமார் ஆற்றுச் சமவெளியில் சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு, 4,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தில் கந்தகமும் ஆர்சனிக்கும் ஈயமும் துத்தநாகமும் கலந்த சேறும் அமில நீரும் பரவின. சேற்றையும் அதோடு மேல்மண்ணையும் இயந்திரம் வைத்து வழித்து அள்ளினார்கள். பிறகு சுண்ணாம்பும் மட்கும் இட்டார்கள். இவ்வளவு செய்த பிறகும் பல இடங்களில் திட்டுத்திட்டாக உலோகம் மிஞ்சியது. கடைசியில் அரசே நிலத்தை வாங்கி, விவசாயத்தை நிறுத்தி, மரம் நட்டுப் பசுமைப் பாதை ஆக்கியது. ஒரு நாள் விடிவதற்குள் பாய்ந்த சேறு, அந்த நிலத்தின் விவசாயத்தையே முடித்துவிட்டது.

இதில் மண் அறிவியல் சொல்லும் சில விஷயங்களை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கந்தகத் தாது கலந்த சேறு காற்றுப் பட்டு உலரும்போது அமிலமாக மாறும். எனவே சேறு காய்ந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது, காயக் காயத்தான் கெடுதல் கூடும். அமிலம் கூடினால் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாம் கரைந்து வேருக்கு எளிதில் கிடைக்கும். சுண்ணாம்பு இட்டால் இவை அடங்கும். ஆனால் ஆர்சனிக் அப்படி அடங்காது. நீர் கட்டிய நெல்வயலில் ஆர்சனிக் பயிருக்கு அதிகம் ஏறும். வயலைக் காயவிட்டால் காட்மியம் அதிகம் ஏறும். எனவே என்ன உலோகம் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. கீரை வகைகள் காட்மியத்தை எளிதாக எடுத்துக்கொள்ளும். சந்தேகம் உள்ள நிலத்தில் கீரை போட வேண்டாம்.

நம் நாட்டில் நாம் செய்யக்கூடியவை

இந்தியாவிலும் இப்படிப்பட்ட கரைகள் உடைந்திருக்கின்றன. 2020 ஏப்ரல் 10 அன்று மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில், சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்துக் கரை உடைந்து குழந்தைகள் உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள். பயிர் நிலம் சாம்பல் சேற்றில் மூழ்கியது. அது சுரங்கக் குட்டை அல்ல. ஆனால் நீரில் கரைத்த நுண்துகளைக் கரை போட்டுத் தேக்குவதில் இரண்டும் ஒன்றே.

எங்கள் பயிற்சி வகுப்புக்கு ஒருமுறை வந்த ஒரு பெரியவர், தன் வாய்க்காலில் இரண்டு ஆண்டாக வெள்ளைப் படலம் படிகிறது என்றார். மேலே ஒரு கனிமக் குவாரியின் குட்டை இருந்தது. “முன்னால் இப்படி இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று அங்கே கேட்டார்களாம். அவரிடம் ஆதாரம் இல்லை. பழைய மண் பரிசோதனைச் சீட்டு ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து நான் எல்லா வகுப்பிலும் முதலில் சொல்வது இதைத்தான்: சேதம் வந்த பிறகு எடுக்கும் மாதிரியைவிட, வருவதற்கு முன் எடுத்த மாதிரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

சுரங்கம், குவாரி, சாம்பல் குளம் ஆகியவற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் உள்ளவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை:

மண் மாதிரி: வயலில் 10, 15 இடங்களில் அரையடி ஆழம் வரை எடுத்துக் கலந்து, அரை கிலோ மாதிரி ஆய்வுக்கு அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய வாளியோ தகடோ பயன்படுத்த வேண்டாம், பிளாஸ்டிக் போதும். மண் வள அட்டையில் கார அமில நிலை, உப்பு நிலை, செம்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகியவை வரும். ஈயம், ஆர்சனிக், காட்மியம் வராது. இவற்றுக்குத் தனியாகக் கேட்டு, வேளாண் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் போன்ற இடத்தில் பார்க்க வேண்டும். ஒருவருக்குச் செலவு கூடுதல் என்றால் பத்துப் பேர் சேர்ந்து, குட்டைக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று என மூன்று மாதிரி எடுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நீர்க் குறிப்பேடு: கிணறு, வாய்க்கால், ஓடை மூன்றிலும் வாரம் ஒருமுறை கார அமிலத்தாள் வைத்துப் பாருங்கள். பாசன நீர் பொதுவாக 6.5 முதல் 8.4 வரை இருக்கும். தேதி, அளவு, நிறம், படலம், மீன் தவளை இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கைபேசியில் ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுங்கள்.

கரையில் கண்: உள்ளே போக அனுமதி இருக்காது, போகவும் வேண்டாம். வெளியிலிருந்தே தெரிபவை உண்டு. கரை அடியில் புதிதாக ஈரத்திட்டு, கோடையிலும் பச்சையாக நிற்கும் கோரை, கலங்கிய கசிவு, கரை மேல் நீளவாக்கில் வெடிப்பு, ஓரிடத்தில் உப்பல் அல்லது தொய்வு, சாய்ந்த மரமும் மின்கம்பமும். இவற்றைக் கண்டால் படம் எடுத்து, அன்றே எழுத்து மூலம் ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லுக்குப் பதிவு இல்லை.

அறிக்கை கேட்பது: 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில், அனுமதி நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கரையின் உயரம், உயர்த்திய முறை, கசிவு நீர்ப் பரிசோதனை, அவசரகாலத் திட்டம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கிராம சபை: உடைந்தால் சேறு எந்தப் பக்கம் வரும், எவ்வளவு நேரத்தில் வரும், மக்கள் எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்ற வரைபடத்தை ஊரில் ஒட்டக் கோரித் தீர்மானம் போடுங்கள். சங்கு வைத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை நடத்தக் கேளுங்கள். வயலில் தனியாக வேலை செய்பவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும் சங்கு கேட்கிறதா என்று ஒத்திகையில் பாருங்கள். 2015க்குப் பிறகு சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்படுபவர்களுக்கான நிதி அது. மண், நீர் பரிசோதனைக்கு அதிலிருந்து கேட்கலாம்.

உடைந்துவிட்டால் முதல் நாள்

மேட்டுக்குப் போங்கள். மாட்டை அவிழ்த்துவிட நேரம் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், மோட்டாரை எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள். முதல் அலை போன பிறகும் இரண்டாவது சரிவு வரலாம். அதிகாரிகள் சொல்லும் வரை பள்ளத்தில் இறங்க வேண்டாம்.

அந்த நீரைக் கால்நடைக்குக் காட்ட வேண்டாம், வயலுக்கு ஏற்ற வேண்டாம், செத்த மீனை எடுக்க வேண்டாம். வயலில் சேறு படிந்திருந்தால் உடனே உழுதுவிடாதீர்கள். மேலே இருக்கும் வரை வழித்து எடுக்கலாம். உழுதுவிட்டால் அரையடி மண்ணோடும் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. சேறு படிந்த இடத்திலும் படியாத பக்கத்து வயலிலும் தனித்தனியாக மாதிரி எடுத்து, தேதி எழுதி, சாட்சியோடு மூடி வையுங்கள். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் வந்து கணக்கெடுக்கும் வரை படிந்த உயரம் தெரியும்படி குச்சி நட்டுப் படம் எடுங்கள். உங்கள் பழைய மண் சீட்டும் நீர் நோட்டும் அப்போதுதான் வேலைக்கு வரும்.

அடுத்த ஜூன் 1க்கு முன் உங்கள் ஊரில் இரண்டு வேலை முடிந்திருக்கட்டும். ஒன்று, மூன்று மண் மாதிரி. இரண்டு, மேலே இருக்கும் கரையைப் பற்றி எழுத்தில் கேட்ட ஒரு கேள்வி. பதில் வந்தால் அதைக் கிராம சபையில் எல்லோரும் கேட்கும்படி படியுங்கள். வராவிட்டால் அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.